நிழலைப் படிக்கும் கல்வி

1895ஆம் ஆண்டு உலகத்துக்கு இரண்டு பெரும் கொடைகளை அளித்தது. இத்தாலி நாட்டில் மார்க்கோனி என்னும் இளைஞர் கம்பியின்றிச் செய்தி அனுப்பும் பரிசோதனைகளை அவ்வாண்டிலே நடத்தினார். நீங்கள் இப்பொழுது என் குரலைக் கேட்பது அந்த முயற்சியின் பயன். அதே ஆண்டு நவம்பர் மாதம் 8ஆம் திகதி, ஜேர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் நகரில் வில்ஹெல்ம் ரொண்ட்ஜென் என்னும் பௌதிகப் பேராசிரியர் தமது இருண்ட ஆய்வுகூடத்திலே ஒரு புதிய கதிரைக் கண்டார். அதன் இயல்பு இன்னதென்று தெரியாமையால் அதற்கு ‘எக்ஸ்’ என்று பெயரிட்டார். அவ்வருடம் டிசம்பரில் தம் மனைவியாரின் கையை அக்கதிரால் படம் பிடித்தார். விரல் எலும்புகளும் அவற்றிலொன்றிலே மோதிரமும் நிழலாய்த் தெரிந்தன. பௌதிகத்துக்கான முதலாவது நோபெல் பரிசு 1901இல் அவருக்கே கிடைத்தது.

வானொலி அலையும் எக்ஸ்-கதிரும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. அலையின் நீளத்திலேதான் வேற்றுமை. ஆனால் வானொலியைக் கேட்பவருக்குத் தனிப் பயிற்சி தேவையில்லை. எக்ஸ்-கதிர் தரும் நிழலைப் படிப்பவருக்கோ ஆயுள் முழுவதும் பயிற்சி தேவை. அந்தப் பயிற்சியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். ஏற்கனவே தொழில் செய்துகொண்டிருக்கும் கதிர்ப்படப்பிடிப்பாளர், அதாவது நாம் வழக்கில் றேடியோகிராபர் என்று சொல்பவர், பட்டத்துக்குப் பின்னும் உயர்கல்வி கற்க வேண்டுமா? கற்றால் அதனால் நோயாளிக்கு என்ன பயன்? இவையே என் வினாக்கள்.

நான் இத்தொழிலிலே முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன். அவற்றுள் பெரும்பகுதியைப் புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்திலே கழித்தவன். அக்கரையை நீங்கள் அறிவீர்கள். தெற்கே வென்னப்புவ, மாரவில முதலாகச் சிலாபம், உடப்பு, முந்தல் என்று வடக்கே சென்று, பாலாவியில் திரும்பினால் நுரைச்சோலை வழியாகக் கற்பிட்டி முனைவரை நீளும் நிலம். ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் களப்பு, இடையே தென்னந்தோப்பும் உப்பளமும் மீனவர் குடியிருப்பும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் பகுதி அது. 1990ஆம் ஆண்டு அக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெரும்பகுதியினர் இங்கேயே வந்து தங்கினர். இவ்வளவு பேருக்கும் நோய் வந்தால், விபத்து நேர்ந்தால், முதலில் சென்றடைவது இக்கரையோரத்து அரசாங்க வைத்தியசாலைகளையே.

இனி, என் இளமைக்கால அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். வைத்தியசாலையின் பெயர் வேண்டாம். அது எங்கும் நடக்கக்கூடியது.

ஒருநாள் மாலை, தென்னையிலிருந்து விழுந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அவர் கள் இறக்கும் தொழிலாளி. மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றிலே நடந்து சீவுகின்றவர். கயிறு அறுந்து, நின்ற நிலையிலேயே கீழே வந்து இரு குதிகாலும் நிலத்தில் மோதியிருந்தன. வலக்குதிகால் வீங்கிக் கறுத்திருந்தது. வேண்டுகைப் படிவத்தில் ‘வலது குதிகால்’ என்று எழுதியிருந்தது. நானும் வலது குதிகாலைப் படம் பிடித்தேன். நல்ல படம், முறிவு தெளிவாகத் தெரிந்தது. கால் கட்டப்பட்டது. அவரை விடுதிக்கு அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள், கால்கள் மரத்துப்போவதாக அவர் முறையிட்டார். அப்பொழுதுதான் முள்ளந்தண்டைப் படம் எடுக்கச் சொல்லி எனக்குப் படிவம் வந்தது. நாரிப் பகுதியின் முதலாவது எலும்பு நொறுங்கி, அதன் ஒரு துண்டு பின்னோக்கித் தள்ளியிருந்தது. இடைப்பட்ட மூன்று நாளும் அவர் கட்டிலில் புரண்டிருக்கிறார். எழுந்து உட்கார்ந்து உணவு உண்டிருக்கிறார். பிறகு கொழும்புக்கு அனுப்பினார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் ஊன்றுகோலின்றி அவர் நடந்ததை நான் காணவில்லை.

நான் செய்தது தவறா? விதிப்படி பார்த்தால் இல்லை. கேட்ட படத்தைக் கேட்டபடி எடுத்துக்கொடுத்தேன். எவரும் என்னைக் குறை கூறவில்லை. ஆயினும் என் மனம் ஆறவில்லை. பல ஆண்டுகளின் பின்னர், உயர்கல்வி கற்கச் சென்றபோது, முதல் மாதத்திலேயே ஒரு பாடத்தில் எழுதியிருந்ததைக் கண்டேன்: உயரத்திலிருந்து விழுந்து குதிகாலெலும்பு முறிந்தவரிடத்திலே நாரி முள்ளந்தண்டையும் மற்றக் குதிகாலையும் ஐயத்தோடு நோக்குக. காரணம் எளியது. குதிகாலில் மோதிய விசை காலின் வழியே மேலேறி இடுப்பைக் கடந்து முள்ளந்தண்டைச் சென்று நெரிக்கிறது. இதை அன்று நான் அறிந்திருந்தால், வைத்தியரிடம் நேரே சென்று, “ஐயா, இவர் விழுந்த விதத்தைப் பார்த்தால் முதுகையும் ஒருமுறை சோதிப்பது நல்லதல்லவா?” என்று கேட்டிருப்பேன். அந்த ஒரு வாக்கியத்துக்குரிய அறிவு அன்று என்னிடம் இல்லை. உயர்கல்வியின் பயன் என்னவென்று எவரேனும் கேட்டால், அந்த ஒரு வாக்கியந்தான் என்று நான் விடை கூறுவேன்.

நேயர்களே, இங்கே ஓர் ஐயம் எழலாம். படம் எடுப்பவர் வேறு, படத்தைப் பார்த்து நோயைத் தீர்மானிக்கும் கதிரியல் வைத்திய நிபுணர் வேறு அல்லவா என்று கேட்பீர்கள். உண்மைதான். நிபுணர் முதலில் வைத்தியப் பட்டம் பெற்று, அதன்பின் பல ஆண்டு சிறப்புப் பயிற்சி பெற்றவர். அவருடைய இடத்தை எவரும் பறிக்க முடியாது, பறிக்கவும் கூடாது. ஆனால் நிபுணர்கள் சிலர், படங்களோ பல. இரவு பதினொரு மணிக்குக் கரையோர வைத்தியசாலையொன்றிலே எடுக்கும் படத்தை முதலில் காண்பவர் கதிர்ப்படப்பிடிப்பாளர். அடுத்துக் காண்பவர் பெரும்பாலும் வைத்தியசாலைக்குப் புதிதாக வந்த இளம் வைத்தியர். நிபுணரின் கண்ணுக்கு அது எட்டுவதற்குள் சிகிச்சை தொடங்கிவிடும். சில வேளை நோயாளி வீட்டுக்கே போய்விடுவார். அந்த இடைவெளியிலே, முதலில் கண்டவர் தாம் கண்டதைச் சொல்ல வேண்டுமா, வாய்மூடி இருக்க வேண்டுமா?

இந்த வினாவுக்குப் பிரித்தானியாவிலே படிப்படியாக விடை கண்டார்கள். கதிர்ப்படப்பிடிப்பாளரின் சங்கம் அங்கே 1920ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. எனினும் நெடுங்காலம் அவர்கள் படத்தைப்பற்றிக் கருத்துக் கூறும் உரிமையற்றவர்களாகவே இருந்தனர். 1985ஆம் ஆண்டில் அந்நாட்டு வைத்தியர் சிலர் மிகச் சிறிய ஏற்பாடொன்றை வெளியிட்டனர். விபத்துப் பிரிவிலே எடுத்த படத்தில் ஏதோ கோளாறு இருப்பதாகக் கதிர்ப்படப்பிடிப்பாளர் கருதினால், அப்படத்தின் மீது ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். அந்தச் சிறு பொட்டு இளம் வைத்தியரைச் சற்று நின்று நிதானித்துப் பார்க்கச் செய்தது.

ஆனால் பொட்டுக்கும் குறை உண்டு. ஏதோ இருக்கிறது என்று அது சொல்லும். எங்கே, என்ன என்று சொல்லாது. பொட்டு இல்லாத படம் குறையற்ற படமா, அல்லது எவரும் கவனிக்காத படமா என்பதும் தெரியாது. ஆகவே பின்னர் பொட்டுக்குப் பதிலாக ஓரிரு வரியில் முதற்குறிப்பு எழுதும் வழக்கம் வந்தது. 1990களில், பல்கலைக்கழகங்களில் பட்டப்பின் பயிற்சி பெற்ற கதிர்ப்படப்பிடிப்பாளர் எலும்புப் படங்களுக்கு முழு அறிக்கை எழுதும் முறையும் தொடங்கிற்று. காலப்போக்கில் மார்புப் படம், மார்பகப் படம், தலையின் சீ.டி. ஸ்கான் ஆகியவற்றுக்கும் அது பரவியது. பின்னர் அந்நாட்டில் உதவியாளர், தொழிலாளர், உயர்நிலைத் தொழிலாளர், ஆலோசகர் என நான்கு படிகள் வகுக்கப்பட்டன. மூன்றாம் படிக்கு ஏற விரும்புபவர் பட்டப்பின் கல்வி கற்றாக வேண்டும்.

அக்கல்வியின் அமைப்பையும் சற்றுக் கூறுகிறேன். அங்கே பட்டப்பின் சான்றிதழுக்கு 60 அலகுகள், டிப்ளோமாவுக்கு 120, முதுமாணிப் பட்டத்துக்கு 180. ஓர் அலகென்பது ஏறத்தாழ 10 மணிநேர உழைப்பு. ஆகவே சான்றிதழ் என்றாலே 600 மணிநேரம். வாரத்துக்குப் பன்னிரண்டு மணிநேரம் ஒதுக்கினால் ஓராண்டு. நமது நாட்டில் இலங்கைத் தகைமைக் கட்டமைப்பு என்னும் ஒழுங்கு 12 படிகளைக் கொண்டது. சிறப்புப் பட்டம் ஆறாம் படி. அதற்குமேல் ஏழாவது பட்டப்பின் சான்றிதழ், எட்டாவது டிப்ளோமா, ஒன்பதும் பத்தும் முதுமாணி, அதற்கப்பால் ஆராய்ச்சிப் பட்டங்கள். இங்கே ஓர் அலகு 50 மணிநேர உழைப்புக்குச் சமம். பாடநெறி வழி முதுமாணிக்கு 30 அலகுகள், அதாவது 1500 மணிநேரம். வாரம் பதினைந்து மணிநேரம் படித்தாலும் அது இரண்டு ஆண்டு வேலை. இரவுக் கடமை செய்பவருக்கு இது எளிதன்று; அதை மறைப்பதில் பயனில்லை.

அந்த மணிநேரங்களில் என்ன கற்பிக்கிறார்கள்? நான் கற்றதைக் கொண்டு நான்கு பகுதிகளாகச் சொல்லலாம்.

முதலாவது, படத்தை விளக்கும் கலை. எங்கள் கரையோரத்திலிருந்தே எடுத்துக்காட்டுத் தருகிறேன். மீன் முள் தொண்டையில் சிக்கியதென்று வருவோர் இங்கே அநேகர். கழுத்தைப் பக்கவாட்டில் படம் எடுப்போம். சில மீன்களின் முள் படத்தில் தெரியும். சிலவற்றின் முள் தெரியாது. அதைவிடப் பெரிய இடர், வயதானவர்களின் குரல்வளைக் குருத்தெலும்பு சுண்ணாம்பேறி மெல்லிய வெண்கோடாய்த் தோன்றுவது. அனுபவமில்லாத கண் அதையே முள் என்று எண்ணும். இல்லாத முள்ளைத் தேடித் தொண்டைக்குள் கருவி செலுத்தினால் துன்பம் யாருக்கு? இன்னும் ஒன்று. கற்பிட்டிக் கடலில் சங்கும் கடலட்டையும் எடுக்க, காற்றுக் கலனைச் சுமந்து ஆழத்தில் மூழ்குவோர் உளர். ஆழத்திலிருந்து விரைந்து மேலெழுந்தால் இரத்தத்தில் கரைந்திருந்த நைதரசன் குமிழிகளாக மாறும். அதனால் மூட்டுவலியும் பாரிசவாதமும் வருவதைப் பலர் அறிவர். ஆனால் தோள் எலும்பின் தலையும் தொடை எலும்பின் தலையும் இரத்தவோட்டம் குன்றி உள்ளேயே மெல்ல மடிவதைச் சிலரே அறிவர். வலி தொடங்கும்போது மூட்டு ஏற்கனவே இடிந்திருக்கக்கூடும். சாதாரண எக்ஸ்-கதிர்ப் படத்தில் அது தெரியப் பல மாதங்கள் செல்லும். காந்த அதிர்வுப் படத்திலே முன்னதாகத் தெரியும். தோள் வலியென்று வருகின்றவரிடம், “நீங்கள் மூழ்குபவரா?” என்று கேட்கத் தெரிந்த கதிர்ப்படப்பிடிப்பாளர் எங்கள் கரைக்குத் தேவை. அந்த வினாவின் விடையைப் படிவத்தில் எழுதி அனுப்பினாலே நிபுணருக்குப் பாதி வழி தெரிந்துவிடும்.

இரண்டாவது பகுதி, கதிரின் அளவும் பாதுகாப்பும். எக்ஸ்-கதிர் நன்மை செய்வது. அளவு மிஞ்சினால் தீங்கும் செய்வது. மார்புப் படமொன்றினால் உடலுக்குச் சேரும் கதிர் ஒரு மில்லிசீவேர்ட்டின் பத்திலொன்றுக்கும் குறைவு. நாரி முள்ளந்தண்டுப் படங்களால் ஏறத்தாழ ஒன்றரை மில்லிசீவேர்ட் வரை சேரலாம். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் மனிதன் இயற்கையாகப் பெறுவதோ, உலகச் சராசரிப்படி, ஆண்டுக்கு 2.4 மில்லிசீவேர்ட். ஆகவே முதுகுப் படமென்பது சில மாத இயற்கைக் கதிருக்குச் சமம். மரத்திலிருந்து விழுந்தவருக்கு அது தேவை. கூன் போட்டு உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்ட இளைஞர் ஒவ்வொருவருக்கும் அது தேவையில்லை. எங்கே கேட்பது, எங்கே தவிர்ப்பது என்பதை அறிவதே கல்வி.

இதிலே நமது காலத்துக்கே உரிய புதிய சிக்கலொன்று உண்டு. பழைய பிலிமில் கதிர் மிகுந்தால் படம் கறுத்துப்போகும், குறைந்தால் வெளிறிப்போகும். பிழை செய்தவர் தம் பிழையை உடனே கண்ணால் கண்டார். இன்று கணினி படத்தைத் திருத்தி அழகாகவே காட்டுகிறது. தேவைக்கு இரட்டிப்பான கதிரைச் செலுத்தினாலும் படம் கெடுவதில்லை. இன்னும் தெளிவாகவே தோன்றும். ஆகவே நாளடைவில், எவரும் அறியாமலே அளவு ஏறிக்கொண்டு போகும். இதைக் காட்டிக்கொடுப்பதற்காக 2008ஆம் ஆண்டில் சர்வதேச நியமம் ஒன்று வகுக்கப்பட்டது. படத்தோடு ஓர் எண் வரும். அது சுழியானால் அளவு சரி; கூட்டல் மூன்றானால் இரட்டிப்பு; கழித்தல் மூன்றானால் பாதி. அந்த எண் திரையின் ஓரத்திலே நிற்கிறது. அதன் பொருளைக் கற்றவருக்கே அது எச்சரிக்கை. மற்றவருக்கு வெறும் இலக்கம்.

மூன்றாவது, புதிய கருவிகள். சீ.டி. ஸ்கானும் காந்த அதிர்வுக் கருவியும் உடலைத் துண்டு துண்டாக வெட்டியதுபோலக் காட்டுவன. அவற்றுக்கு உடற்கூற்றை மீண்டும் முதலிலிருந்து படிக்க வேண்டும். மார்புப் படத்திலே காசநோயின் அறிகுறியைத் தேடும் கணினி நிரல்களும் வந்துவிட்டன. பதினைந்து வயதும் அதற்கு மேலும் உடையவர்களிடையே அவற்றைப் பயன்படுத்தலாமென்று 2021ஆம் ஆண்டிலே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. கணினி படிக்குமானால் மனிதன் ஏன் படிக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். கணினிக்குக் கொடுப்பது நாம் எடுத்த படத்தை. நோயாளி மூச்சை முழுவதும் இழுக்காமல் எடுத்த படத்தில், ஆரோக்கியமான நுரையீரலும் நோயுற்றதுபோலத் தோன்றும். தலைமயிர்ப் பின்னல் தோளின்மீது விழுந்திருந்தால் அதுவும் நிழலாய் வந்து மயக்கும். கருவி சொன்னதை எப்பொழுது நம்புவது, எப்பொழுது ஐயுறுவது என்று தீர்மானிக்க, கருவியைவிடச் சற்றேனும் அதிகம் அறிந்த மனிதர் அருகில் நிற்க வேண்டும்.

நான்காவது, தன்னைத் தானே அளந்துகொள்ளும் முறை. ஆராய்ச்சி முறை என்று பாடத்திட்டத்திலே எழுதுவார்கள். சுருங்கச் சொன்னால், பிழை இரண்டு வகை: இருக்கும் நோயைக் காணாமல் விடுவது ஒன்று, இல்லாத நோயைக் கண்டதாகக் கூறுவது மற்றொன்று. எல்லாப் படத்திலும் நோய் உண்டென்று சொல்பவர் முதற்பிழையைச் செய்யமாட்டார். எல்லாப் படமும் நல்லதென்று சொல்பவர் இரண்டாம் பிழையைச் செய்யமாட்டார். இருவராலும் பயனில்லை. இரண்டையும் ஒருங்கே குறைப்பவரே தேர்ந்தவர். அதற்காக நாங்கள் மாணவராயிருந்தபோது, ஒவ்வொரு படத்துக்கும் எங்கள் கருத்தை முதலில் எழுதி ஒப்படைத்துவிட்டு, பின்பு நிபுணரின் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். இருபதாண்டு அனுபவமுள்ளவன் என்ற செருக்கோடு சென்ற எனக்கு முதல் மாதத்து ஒப்பீடு பெரும் வெட்கத்தைத் தந்தது. அனுபவம் என்று நான் நினைத்திருந்ததில் ஒரு பகுதி, திருத்துவாரில்லாமல் திரும்பத் திரும்பச் செய்த பிழையே என்று அப்பொழுது உணர்ந்தேன்.

இனி, நமது நாட்டு நிலைமைக்கு வருவோம். நமது கதிர்ப்படப்பிடிப்பாளர்களுள் பலர் சுகாதார அமைச்சின் பயிற்சிப் பாடசாலையிலே டிப்ளோமா பெற்றவர்கள். பேராதனைப் பல்கலைக்கழகமும் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகமும் இத்துறையில் பட்டம் வழங்குகின்றன. தொழில் செய்பவர் இலங்கை மருத்துவச் சபையிலே பதிவு பெற வேண்டும். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின்படி, கதிர்க் கருவிகளைக் கண்காணிக்க ஓர் ஒழுங்குறுத்தும் பேரவையும் இருக்கிறது. அயல்நாடான இந்தியாவிலே, சென்னையில் பேர்னார்ட் கதிரியல் நிலையம் 1934ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டிலே துணைச் சுகாதாரத் தொழில்கள் அனைத்துக்குமாக ஓர் ஆணைக்குழுச் சட்டமும் அங்கே நிறைவேறியது. அடித்தளம் இருக்கிறது. அதன்மேல் மாடி கட்டுவதே நம்முன் உள்ள பணி.

தடைகளை நான் அறிவேன். முதல் தடை காலம்: கரையோர வைத்தியசாலையில் ஒருவர் படிக்கப் போனால் அவர் கடமையை யார் பார்ப்பது? இரண்டாவது பணம். மூன்றாவது மொழி: உயர்கல்வி நூல்கள் ஆங்கிலத்திலே, தமிழில் கற்று வந்தவர் இரட்டைச் சுமை சுமக்கிறார். நான்காவது, எல்லாவற்றிலும் கடினமானது: படித்துத் திரும்பியவருக்குப் படித்த வேலையைக் கொடுக்காத நிலை. நான் சான்றிதழோடு திரும்பிய அன்றும், அதற்கு முந்திய ஆண்டில் செய்த அதே வேலையையே செய்தேன். அதற்காக எவரையும் நோவதற்கில்லை. அப்படியொரு பதவி நிரலிலே இல்லை. ஆனால் இதையே காரணமாகக் கொண்டு எத்தனை இளைஞர்கள் கற்றதும் கடல் கடந்து போய்விடுகிறார்கள் என்பதை நாம் சிந்திக்க வேண்டும். கல்விக்கு இடம் கொடுக்கும் நாடு, அந்தக் கல்விக்குத் தொழிலிலும் இடம் கொடுக்க வேண்டும். அந்த இடத்தின் எல்லை எது, பிழை நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பவற்றைக் கதிரியல் நிபுணர்களோடு கூடியிருந்து எழுத்திலே வரையறுக்க வேண்டும். நிபுணரின் துணையின்றி வளரும் உயர்நிலைத் தொழிலாளர் எவருமில்லை. நான் கற்றதெல்லாம் அவர்கள் திருத்திய சிவப்பு மையாலேயே கற்றேன்.

அதுவரை காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் என் தொழிற்றோழர்களுக்கு, பணமும் விடுமுறையும் கேட்காத ஒரு வழியைச் சொல்லுகிறேன். ஓர் எண்பது பக்கக் குறிப்புப் புத்தகம் வாங்குங்கள். நோயாளியின் பெயரை அதிலே எழுதக் கூடாது. நாளையும் படத்தின் வகையையும் மட்டும் எழுதுங்கள். நாளொன்றுக்கு ஐந்து படம் போதும். ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் கருத்தை ஒரு வரியில் எழுதுங்கள். நிபுணரின் அறிக்கை வந்தபின் அடுத்த பத்தியிலே அதைக் குறியுங்கள். மாறுபட்ட இடத்துக்குக் கோடிட்டு, வாரம் ஒருமுறை அந்தப் படங்களை மாத்திரம் மீண்டும் பாருங்கள். இயன்றால் நிபுணரிடம் மாதம் ஒரு மணிநேரம் கேட்டுப் பெறுங்கள். கேட்டால் மறுப்பவர் அரிது. பல்கலைக்கழக வாசல் திறக்கும் நாளில் அந்தப் புத்தகமே உங்கள் நுழைவுச் சீட்டாகும்.

நோயாளிகளாக வரக்கூடிய நேயர்களுக்கும் ஒரு சொல். படம் எடுக்கும் அறைக்கு வரும்போது, விழுந்தது எப்படி, எந்த உயரத்திலிருந்து, வேறெங்கே வலிக்கிறது, என்ன தொழில் செய்கிறீர்கள் என்பவற்றைக் கூச்சமின்றிச் சொல்லுங்கள். கருவுற்றிருக்கும் பெண்கள், அல்லது அவ்வாறு ஐயமுள்ளவர்கள், படம் எடுப்பதற்கு முன்னமே தெரிவியுங்கள். “மூச்சை இழுத்துப் பிடியுங்கள்” என்றால் உண்மையாகவே பிடியுங்கள். முன்பு எடுத்த படங்கள் வீட்டிலிருந்தால் கொண்டு வாருங்கள். புதிய நிழலைப் பழைய நிழலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைப்போல் உண்மையை உணர்த்துவது வேறில்லை.

என் கடமைக் காலத்தின் இறுதி ஆண்டுகளில் நடந்த ஒன்றோடு முடிக்கிறேன். மீண்டும் ஒரு மாலை. மீண்டும் தென்னையிலிருந்து விழுந்த ஒருவர். படிவத்தில் ‘இடது குதிகால்’ என்று எழுதியிருந்தது. என்னோடு இருந்தவர் புதிதாகப் பட்டம் பெற்று வந்த ஓர் இளம்பெண். குதிகால் படம் திரையில் வந்ததும் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நோயாளியை அசைக்க வேண்டாமென்று பணியாளரிடம் சொல்லிவிட்டு, தொலைபேசியை எடுத்து விடுதி வைத்தியரை அழைத்தார். “டொக்டர், இவர் இருபதடி உயரத்திலிருந்து காலூன்றி விழுந்திருக்கிறார். குதிகால் முறிந்திருக்கிறது. முதுகையும் பார்க்க விரும்புகிறீர்களா?” என்று கேட்டார். வைத்தியர் வந்தார், முதுகைத் தொட்டுப் பார்த்தார், படிவத்திலே இன்னொரு வரி எழுதினார். முள்ளந்தண்டிலே சிறு முறிவொன்று இருந்தது. நோயாளியைப் பலகையிலே நேராகக் கிடத்திக் கொண்டு போனார்கள். சில வாரங்களின் பின் அவர் கட்டுப்போட்ட காலோடு, ஆனால் இரு கால்களிலும் உணர்ச்சியோடு, வைத்தியசாலை வாசலிலே பஸ்ஸுக்குக் காத்திருந்ததைக் கண்டேன்.

அந்த இளம்பெண்ணுக்கு அதைக் கற்பித்தது யாரென்று நான் விசாரித்தேன். பல்கலைக்கழகத்திலே ஓர் ஆசிரியர் கற்பித்தாராம். அவ்வாசிரியரோ தொழிலில் இருந்தவாறே மேற்படிப்புப் படித்தவராம். ஒருவர் கற்ற கல்வி இப்படித்தான் கைமாறி, எங்கோ ஒரு கரையோரத்து இரவிலே, பெயர் தெரியாத ஒருவரின் கால்களைக் காப்பாற்றுகிறது.